ஞானரட்ணம் வீட்டில் குடியிருந்தவர்கள்

கடதாசிகளின்படி பார்த்தால் ஞானரட்ணத்தின் வீட்டில் பதினொரு பேர் குடியிருந்தார்கள். பாரிஸில், பெர்தோனே வீதியில், மூன்றாம் மாடியில், முப்பத்திரண்டு சதுர மீற்றர். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஆள் உள்ளே நின்றால் கதவைச் சாத்த முடியாத ஒரு குளியலறை. உண்மையில் அங்கே ஞானரட்ணம் மட்டும்தான் இருந்தார். மற்றப் பத்துப் பேரும் புறநகர்களில் வெவ்வேறு வீடுகளில் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர்களுடைய பெயர்கள் மட்டும் இவருடைய தபால் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு ஒட்டியிருந்தன.

இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பிரான்சில் எந்தக் கந்தோருக்குப் போனாலும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். மின்சாரப் பில் உங்கள் பெயரில் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால், வீடு உள்ள ஒருவர் “இன்னார் என்னோடுதான் வசிக்கிறார்” என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் மின்சாரப் பில்லையும் அடையாள அட்டையையும் பிரதி எடுத்துச் சேர்த்துக் கொடுத்தால் போதும். அத்தெஸ்தாசியோன் என்று அதற்குப் பெயர். முத்திரை வேண்டாம், நொத்தாரிசு வேண்டாம், சாட்சி வேண்டாம். ஒரு மனிதனுடைய வெறும் சொல்லை ஓர் அரசாங்கம் இப்படி நம்புகிறதே என்று ஞானரட்ணம் மனதார வியந்தார். வியந்தபடியே பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கீழே அவருடைய மரக்கறிக் கடை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க வருகிறவர்கள், போகும்போது ஒரு படிவத்தையும் நீட்டுவார்கள். எந்தப் பெட்டியில் எதை எழுதுவது, எந்தப் பிரதி எத்தனை மாதத்துக்குச் செல்லும், எந்தக் கவுண்டரில் காலையில் போக வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியாது. கல்லாவில் இருக்கும் பேர்ளி, “அண்ணை, ஒரு கத்தரிக்காய் வாங்க வந்த மனுசிக்கு நீங்கள் அரை மணித்தியாலம் வரிச்சட்டம் சொல்லிப்போட்டியள், அது கத்தரிக்காயையே விட்டிட்டுப் போட்டுது,” என்பாள். ஞானரட்ணம் அந்தக் கத்தரிக்காயை அடுத்த நாளுக்கு எடுத்து வைப்பார்.

அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் அவருடைய சொந்தத் தங்கை புனிதவதியும் அவள் மகள் நிரோஜினியும். இருவரும் உண்மையில் இருந்தது பியர்ஃபித் என்ற புறநகரில், புனிதவதியின் கணவன் றூபனோடு. புனிதவதி காலையில் வந்து கடையில் வேலை செய்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் பிள்ளை நேரே கடைக்கு வந்து தாயோடு சேர்ந்து வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் வசதி. ஆனால் பாரிஸில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் பாரிஸ் பிள்ளைகளுக்குத்தான் இடம். எந்த வீதியில் இருக்கிறீர்களோ அந்த வீதிக்குரிய பள்ளிக்கூடம், அதுதான் விதி. அதனால், ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு செப்டெம்பரில், ஞானரட்ணம் தங்கையையும் மருமகளையும் தன் வீட்டில் குடிவைத்தார். ஐந்து நிமிட வேலை.

றூபனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் பிரெஞ்சு இராணுவத்தின் வெளிநாட்டுப் படையில், லெஜியனில், கோப்ரல். அகதி விண்ணப்பம் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டபின், ஒரு நாள் காலையில் அந்தப் படைக்கு ஆள் சேர்க்கும் நோஜோன் கோட்டைக்குப் போய்க் கதவைத் தட்டினான். அந்தக் கதவில் விசா கேட்கமாட்டார்கள். கம்பியில் தொங்கி எழும்பத் தெரியுமா என்று கேட்பார்கள். சேதி தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வந்தபோது தேத்தண்ணிக் கடையில் சிரிப்பு அடங்க ஒரு கிழமை எடுத்தது. “ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவன், ஓடி ஓடிப் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாரன்!” றூபனும் சேர்ந்து சிரித்தான். நாலு வருடம் கழித்து, புனிதவதியையும் ஒன்பது வயது நிரோஜினியையும் முறைப்படி கூப்பிட்டு எடுத்தான். கடைசி ஐந்து வருடம் அந்தக் கோட்டையிலேயே வேலை. காலையில் றயிலில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவான். மூன்று வருடச் சேவைக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கலாம் என்று ஞானரட்ணம் அவனுக்குச் சொல்லிச் சொல்லி வாய் நொந்தார். “அடுத்த லீவிலை பாப்பம் மச்சான்,” என்பான் றூபன். பிறகு நாலு மாதப் பணி என்று ஆபிரிக்காவுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மாதம், பாதையில் புதைத்திருந்த குண்டொன்றில் அவனுடைய வாகனம் ஏறியது.

பெட்டி மூவர்ணக் கொடி போர்த்தித் திரும்பி வந்தது. பிரான்சுக்காக இறந்தவர் என்று மரணச் சான்றிதழில் ஒரு வரி சேர்த்தார்கள். அதே தாளில், சற்று மேலே, தேசியம்: இலங்கை.

அது நடந்து எட்டு மாதம். இப்போது தெருவில் ஒரு கதை ஓடியது. செத்தவரைப் பிரெஞ்சுக்காரர் ஆக்கப்போகிறார்களாம். மனைவிக்கும் கிடைக்குமாம், மச்சானுக்கும் கிடைக்குமாம். ஞானரட்ணம் கடை வாசலில் நின்று, அழுகல் வெங்காயத்தைத் தெரிந்து ஒதுக்கியபடியே, வந்தவர் போனவருக்கெல்லாம் திருத்திச் சொன்னார்.

“அமெரிக்காவிலைதான் செத்தவருக்குக் குடுப்பினம். இஞ்சை வேறை மாதிரி. சண்டையிலை காயப்பட்டவர் கேட்டா அவருக்கே குடுப்பினம். செத்தவர் எழும்பி வந்து கையெழுத்துப் போடேலுமே? ஏலாது. அப்ப சட்டம் என்ன செய்யுது? அவரைத் தாண்டிப் பிள்ளையிட்டைப் போகுது. பதினெட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மட்டும். பெண்சாதிக்கு இல்லை.”

“மச்சானுக்கு?” என்றாள் பேர்ளி.

“மச்சானுக்கு வெங்காயம்.”

மச்சானுக்குத் தனியாக ஒரு குடியுரிமை விண்ணப்பம் இருந்தது. இருபத்திரண்டு வருடம் பிரான்சில் இருந்து, ஊரெல்லாம் உள்ளவர்களின் படிவங்களை நிரப்பி முடித்தபின், ஞானரட்ணம் போன வருடம்தான் தனக்கென்று ஒன்றை நிரப்பினார். பிரெபெக்தூர் என்ற மாவட்ட அரசாங்கக் கந்தோரில் நேர்முகத்துக்கு நாள் குறித்து வந்துவிட்டது. இன்னும் மூன்று கிழமை. மன்னர்களின் பெயர்களையும் ஆறுகளின் பெயர்களையும் அவர் மல்லிக்கட்டுகளுக்கு நடுவே பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

அப்படியொரு செவ்வாய்க்கிழமைதான் மரி-லூயிஸ் வந்தாள். இராணுவக் குடும்பங்களைப் பார்க்கும் சமூக உதவியாளர். நிரோஜினிக்காகப் போட்ட குடியுரிமைக் கோப்பை ஆரம்பத்திலிருந்து தள்ளிக்கொண்டு போகிறவள். புனிதவதி அன்று கடையில் இல்லை. மரி-லூயிஸ் அரிசி மூட்டையின் மேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“முசியே ஞானரட்ணம், இது றூபனுடைய வரிப் பத்திரம். பியர்ஃபித், மூன்று பேர். இது பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழ். பாரிஸ், பெர்தோனே வீதி, உங்கள் வீடு. ஒரு பிள்ளைக்கு இரண்டு வீடு. மேலிடத்தில் கேட்கிறார்கள், எது சரி?”

“இரண்டும் சரியாக இருந்தால்?”

“இரண்டும் சரியாக இருக்க முடியாது. சட்டம் ஒன்றைத்தான் கேட்கிறது. தகப்பன் இறந்த நாளில் பிள்ளை தகப்பனோடு வசித்திருக்க வேண்டும். இந்தத் தாளைப் பார்க்கிறவர், தாயும் மகளும் அவரை விட்டுப் பிரிந்து உங்களோடு வந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.” அவள் ஒருமுறை கடை வாசலுக்குப் போய் மேலே, மூன்றாம் மாடிச் சன்னலைப் பார்த்தாள். பிறகு தபால் பெட்டியில் இருந்த பெயர்களைப் பார்த்தாள். “பிள்ளைக்குப் பதினாறரை வயது. பதினெட்டு ஆகிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். விளக்கம் ஒன்று எழுத்தில் வேண்டும்.”

அவள் போனபிறகு ஞானரட்ணம் தெரிந்த வெங்காயத்தையே திரும்பவும் தெரிந்தார். தான் எழுதிய ஐந்து நிமிடத் தாள், றூபனின் குடும்பத்தை இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது. ஆனால் அவர் கடதாசி மனிதர். கடதாசியால் வந்ததைக் கடதாசியால் தீர்க்கலாம் என்றுதான் அவருடைய மூளை ஓடியது. மாலைக்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு சுலபமான வழி. இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போலப் பியர்ஃபித்துக்குச் சாப்பிடப் போனார். புனிதவதி நண்டுக் கறி வைத்திருந்தாள். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து, கையைக் கழுவிவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

“எல்லாம் சரி. றூபனையும் என்ரை வீட்டிலை குடிவைச்சிட்டன்.”

புனிதவதிக்கு விளங்கவில்லை. “என்னண்ணை சொல்லுறியள்?”

“இஞ்சை பார். ‘என் மச்சான் றூபனும் அவர் மனைவியும் மகளும் ஐந்து வருடமாக என்னோடு வசித்தார்கள்.’ அப்ப மூண்டு பேரும் ஒரே வீடு. பள்ளிக்கூடத் தாளோடையும் ஒத்துவரும். பியர்ஃபித் வீடு சும்மா சாமான் வைக்கிற இடம் எண்டு சொல்லுவம். நான் கையெழுத்துப் போட்டாச் சரி.”

“போன வருசத் திகதி போடோணுமோ?”

“திகதியெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்.”

“அண்ணை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்றாள் புனிதவதி. அவள் எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிரோஜினி தாளை எடுத்து வாசித்தாள். அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளையல்ல. இரண்டு விநாடியில் முடித்துவிட்டாள். “நோன், வேண்டாம்,” என்றாள்.

“என்ன பிள்ளை நோன்?”

“மாமா, அப்பா உங்கடை வீட்டிலை ஒரு நாள் படுத்தவரா?”

“பேப்பரிலை தானே குஞ்சு.”

“ஓம், பேப்பரிலை. இனி அவர் பேப்பரிலை மட்டும்தானே இருக்கிறார்.” அவளுக்குத் தமிழில் ஓட்டம் போதவில்லை, பாதியைப் பிரெஞ்சில் சொன்னாள். “ஒவ்வொரு நாளும் பின்னேரம் இந்தக் கதவாலைதான் வந்தவர். சப்பாத்து அங்கை. அயர்ன் பண்ணுற பலகை இஞ்சை. லெஜியன்காரர் சேர்ட்டிலை கோடு வைக்கிற மாதிரி என்ரை ஜீன்ஸிலை எல்லாம் கோடு வைச்சு, பள்ளிக்கூடத்திலை எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சவை. அது இந்த வீட்டிலை, மாமா. நீங்கள் இதை எழுதினா அவர் எங்களோடை எங்கையும் இருக்கேல்லை எண்டாகிப்போகும். சாமான் வைக்கிற இடமா இது?”

“உனக்கு நசியோனலித்தே, பிரெஞ்சுக் குடியுரிமை, வேண்டாமே?”

“வேணும். அப்பாவாலை கிடைக்கிறதுதான் வேணும். நீங்கள் வாடகைக்குக் குடுக்கிற அப்பா வேண்டாம்.”

“மாமாவோடை அப்பிடிக் கதைக்கிறேல்லை,” என்றாள் புனிதவதி. ஆனால் மேசையிலிருந்த தாளை எடுத்து மடித்து, அண்ணனின் கையில் திருப்பிக் கொடுத்தது அவள்தான்.

றயிலில் திரும்பி வரும்போது ஞானரட்ணம் விஷயத்தை ஒரு கடிகாரத்தைக் கழற்றுவதுபோலக் கழற்றிப் பார்த்தார். பிள்ளை பியர்ஃபித்தில்தான் இருந்தாள் என்று ஆயிரம் பேர் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம், வைத்தியர் சொல்லலாம். ஆனால் பாரிஸில் இருந்தாள் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அந்தக் கையெழுத்தை யார் அழிப்பது? போட்டவர்தான் அழிக்க வேண்டும். “நான் எழுதியது பொய்” என்று எழுத வேண்டும். பொய்யான அத்தெஸ்தாசியோனுக்கு ஒரு வருடம் வரை சிறை, அதோடு அபராதம் என்று அவருக்கு மனப்பாடம். படிவத்தின் அடியிலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறது. பத்துப் பேருக்கும் அந்த வரியைத் தானே வாசித்துக் காட்டியிருக்கிறார், வேடிக்கையாக. குடியுரிமைக் கோப்புகளெல்லாம் கடைசியில் நாந்து என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரே கட்டடத்துக்குத்தான் போகும் என்றும் அவர் கேள்விப்பட்டிருந்தார். மருமகளின் கோப்பு ஒரு மேசையில். மாமனின் கோப்பு அடுத்த மேசையில்.

திங்கட்கிழமை காலை மரி-லூயிஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“மதாம், என்னுடைய சிநேகிதர் ஒருவருக்காகக் கேட்கிறேன்.”

“கேளுங்கள்.”

“அவர் ஒரு பிள்ளைக்குப் பிழையான அத்தெஸ்தாசியோன் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் கடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக.”

“உங்கள் சிநேகிதருக்குக் கடை இருக்கிறதா?”

“மரக்கறிக் கடை.”

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது. சிரிக்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். “தானே முன்வந்து உண்மையைச் சொல்கிறவரைச் சிறைக்கு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை,” என்றாள் மரி-லூயிஸ். “ஆனால் வாக்குறுதி தர என்னால் முடியாது. எழுதினால் அது அவருடைய பெயரில் நிற்கும். உங்கள் சிநேகிதர் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறாரா?”

“நேர்முகம் பதினாறாம் திகதி.”

“அப்படியென்றால் உங்கள் சிநேகிதர் நன்றாக யோசிக்கட்டும்.”

“பதினாறாம் திகதிக்குப் பிறகு எழுதினால்?”

“கோப்பு வெள்ளிக்கிழமை போகிறது. அடுத்தது எப்போது போகும் என்று தெரியாது, முசியே. பிள்ளையின் வயது நின்று காத்திருக்காது.”

அன்று முழுவதும் ஞானரட்ணம் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. ஒரு பெண் பூசணிக்காயின் விலையைக் கேட்டாள். விலையை மட்டும் சொன்னார். பேர்ளி பயந்துபோய், “அண்ணை, பிரஷர் குளிசை போட்டனியளே?” என்று கேட்டாள்.

அவருக்கு அந்தப் பிரெஞ்சு அடையாள அட்டை வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் பொய். விமான நிலையத்தில் குட்டை வரிசையில் நிற்க வேண்டும், தேர்தல் நாளில் பெட்டிக்குள் உறையைப் போட வேண்டும், மற்றவர்களுக்கு நிரப்பிக் கொடுத்த படிவத்தின் கடைசிப் பெட்டியில் என்ன நடக்கிறது என்று தானும் ஒருமுறை பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருட ஆசை. ஆனால் நிரோஜினி கேட்டது ஒரு விசாவை அல்ல என்பதும் அவருக்குத் தெரிந்தது. தகப்பனிடமிருந்து அவளுக்கு வரவேண்டிய கடைசிப் பொருள் அது. அதற்கு நடுவில் மலைபோலக் கிடந்தது தன்னுடைய ஒரு தாள்.

கடை பூட்டுமுன், அரிசி மூட்டையின் மேலேயே வைத்து எழுதினார். தன் வாழ்நாளில் எழுதிய தாள்களில் அதுதான் மிகச் சிறியது.

“ஐந்து வருடங்களுக்கு முன் நான் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த அத்தெஸ்தாசியோன் உண்மையல்ல. என் தங்கையும் மருமகளும் என் வீட்டில் ஒருநாளும் வசிக்கவில்லை. அவர்கள் றூபனோடு பியர்ஃபித்தில் வசித்தார்கள். இதை நான் நிச்சயமாகச் சொல்லலாம். ஏனென்றால், ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் நான் சாப்பிட்டேன். கறிக்கு மிளகாய்த்தூள் கூட என்று றூபன் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வான்.”

கடைசி வசனம் சட்டத்துக்குத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். வெட்டப் பேனையை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டு, மின்சாரப் பில்லின் பிரதியையும் அடையாள அட்டையின் பிரதியையும் பழக்கதோஷத்தில் இணைத்தார்.

பிறகு வெளியே போய், தபால் பெட்டியிலிருந்த பெயர்களைச் சுரண்டத் தொடங்கினார். நகம் போதாமல், பக்கத்து மீன்கடையில் மீன் வெட்டுகிற கத்தியை இரவல் வாங்கி வந்தார்.

“ஒரே நாளிலை இத்தினை பேரை வீட்டை விட்டு எழுப்பிப்போட்டியள்,” என்றாள் பேர்ளி. “அதுவும் குளிர்காலத்திலை. இஞ்சை மாரியிலை ஒருத்தரையும் எழுப்பேலாதெண்டு சட்டமெல்லே?”

“வாடகை குடுத்தவைக்குத்தான் அந்தச் சட்டம்,” என்றார் ஞானரட்ணம். அன்று அவர் விளக்கிய முதல் விஷயம் அது. பேர்ளிக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

அப்படி வீட்டை விட்டு எழுப்பப்பட்டவர்களில் சிலர் கோபித்தார்கள். ஒருவர் ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. ஞானரட்ணம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இருத்தி, நிரந்தர விலாசம் இல்லாதவர்களுக்கு நகரசபையும் சங்கங்களும் சட்டப்படியே தபால் விலாசம் கொடுக்கும் ஏற்பாட்டைச் சொன்னார். படிவம் எங்கே, எந்த நாள், எந்த வாசல் என்று எல்லாம். அதைச் சொல்லும்போது அவருக்கே புதிதாக ஒரு யந்திரத்தைத் திறந்து பார்க்கிற சந்தோஷம்.

பதினாறாம் திகதி பிரெபெக்தூருக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். அதிகாரி ஓர் இளம் பெண். ஆறுகளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். ஞானரட்ணம் கடிதத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். வைத்ததோடு நிற்காமல், அத்தெஸ்தாசியோன் என்ற ஏற்பாடு எவ்வளவு அழகானது, அதைத் தன்னைப் போன்றவர்கள் எப்படிக் கெடுக்கிறார்கள், எந்த இடத்தில் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டால் கெடுக்க முடியாது என்பதையும் இருபது நிமிடம் விளக்கினார். அந்தப் பெண் இரண்டு இடத்தில் குறிப்பெடுத்தாள். எதற்காக எடுத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

மாரி போய், வெயில் வந்து, கடையில் மாம்பழப் பெட்டிகள் இறங்கத் தொடங்கிய ஒரு கிழமையில் இரண்டு கடிதமும் வந்தன. ஒன்று பியர்ஃபித்துக்கு, ஒன்று பெர்தோனே வீதிக்கு.

நிரோஜினி தன் கடிதத்தைக் கையில் பிடித்தபடி கடைக்குள் ஓடி வந்தாள். பின்னால் மூச்சு வாங்கியபடி புனிதவதி. ஆணை கையெழுத்தாகியிருந்தது. அவளுடைய பெயர், பிறந்த திகதி, யாழ்ப்பாணம் என்று பிறந்த ஊர். பேர்ளி கல்லாவை விட்டிறங்கி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். ஒரு பெட்டி மாம்பழத்தை உடைத்து வாசலில் போனவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள்.

“இதிலை அவரின்ரை பேர் இருக்கோ அண்ணை?” என்று புனிதவதி மெல்லக் கேட்டாள்.

ஞானரட்ணம் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கீழே எந்தச் சட்டப் பிரிவின்படி இது கொடுக்கப்பட்டது என்று இலக்கங்கள் போட்டிருந்தன. அவர் விரலை அந்த இலக்கத்தில் வைத்தார். “இந்த இலக்கம்தான் றூபன். படையிலை காயப்பட்டவை, செத்தவையின்ரை பிள்ளையள், அவையைத் தவிர வேறை ஒருத்தருக்கும் இந்த இலக்கத்திலை குடுக்கேலாது. வாசிக்கத் தெரிஞ்சவன் எவன் பாத்தாலும் விளங்கும், இந்தப் பிள்ளைக்குத் தேப்பன் குடுத்ததெண்டு.”

புனிதவதி அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்துக்கூட்டி அதைப் பிரெஞ்சில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

நிரோஜினியின் கண் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மற்றக் கடிதத்தில் விழுந்தது. எடுத்து வாசித்தாள். முகம் மாறிவிட்டது. “மாமா… என்னாலையோ?”

“அதை வை பிள்ளை. சரியா வாசி. நிராகரிப்பு எண்டு இருக்கோ? இல்லை. ஒத்திவைப்பு. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமே? நிராகரிப்பெண்டா கதவு பூட்டு. ஒத்திவைப்பெண்டா கதவு சாத்தியிருக்கு, ரெண்டு வருசத்துக்குப் பிறகு வந்து தட்டு. சின்னப் பிழைக்குச் சின்னத் தண்டனை. நல்ல ஒழுங்கான நாடு.” சொல்லிவிட்டு ஒரு மாம்பழத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நிரோஜினி கணக்குப் பார்த்தாள். “ரெண்டு வருசத்திலை நீங்கள் திரும்பப் போடேக்கை எனக்குப் பதினெட்டுத் தாண்டியிருக்கும். நான் வோட்டுப் போட்டிருப்பன். நீங்கள் வெளியிலை நிண்டு பாத்துக்கொண்டிருப்பியள்.”

“ஆருக்குப் போடுவாய்?”

“சொல்லமாட்டன்.”

“மாமாவுக்கு மட்டும்.”

“ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. திரைக்குப் பின்னாலை போய், உறையிலை போட்டு, ஒட்டிக்கொண்டு வந்து பெட்டியிலை போடுறது. சட்டம் அப்பிடித்தான், மாமா.”

“உறையை ஒட்டுறேல்லை,” என்றார் ஞானரட்ணம் உடனே. “மடிச்சு விடுறதுதான். ஒட்டுற பசையே அந்த உறையிலை இல்லை. ஏன் தெரியுமே?” என்று தொடங்கினார். பேர்ளி தலையில் கையை வைத்தாள். நிரோஜினி கேட்பதற்கு அரிசி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.